பேப்பர் போட்டால்தான் எங்கள் விலை தெரியுமா?

சென்னை ஐடி கம்பெனிகளின் ஹெச்ஆர் தலைவர்களுக்கு,

வணக்கம். ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியில் ஒன்பது வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். அப்ரைசல் நேரம், அதனால் பெயர் வேண்டாம்.

பழைய ஆட்களிடம் முன்பிருந்த வேகம் இல்லை என்று போன மாதம் டவுன்ஹால் மீட்டிங்கில் எங்கள் மேலிடத்தில் ஒருவர் வருத்தப்பட்டார். அது எங்கே போனது என்று நான் சொல்கிறேன். போன வருடம் எங்கள் டீமுக்கு வெளியிலிருந்து ஒருவரை எடுத்தார்கள், என் அளவே அனுபவம், சம்பளம் மட்டும் என்னைவிட ஒன்றரை மடங்கு. நல்ல மனிதர், அவர்மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் இரண்டு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு கேடி கொடுத்தது, அதாவது வேலையைச் சொல்லிக்கொடுத்தது நான். ராத்திரி இரண்டு மணிக்கு, தானாக ஓடும் பேட்ச் ஜாப் பாதியில் நின்றால் இப்போதும் போனை எடுக்கத்தான் செய்கிறேன், முன்னைப் போல முதல் ரிங்கிலேயே எடுப்பதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம், உங்கள் எக்ஸெல் ஷீட்டில் இது தெரியாது.

சம்பளம் மட்டும் இல்லை. ஆறு வருடமாக ஒரே சப்போர்ட் புராஜெக்ட். கிளவுட் படி என்றீர்கள், படித்து இரண்டு சர்டிஃபிகேட்டும் வாங்கினேன். கிளவுட் புராஜெக்டில் ஆள் தேவை என்றதும் போய்க் கேட்டால், நீ போனால் இங்கே யார் பார்ப்பது, கிளையன்ட் விடமாட்டார் என்கிறார் மேனேஜர். ஒழுங்காக வேலை பார்த்ததால் மாட்டிக்கொண்டேன். அப்புறம் அந்த பெல் கர்வ்! எட்டுப் பேரும் நன்றாகச் செய்தாலும் யாராவது ஒருவர் தலையில் கீழ் ரேட்டிங்கைக் கட்டியாக வேண்டும். இப்படி வரிசை கட்டுவதை மைக்ரோசாஃப்ட் 2013-லேயே கைவிட்டது, நாங்கள் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

2022 ஞாபகம் இருக்கிறதா? அந்த ஜூன் காலாண்டுக்கு இன்ஃபோசிஸ் வெளியிட்ட அட்ரிஷன், அதாவது வேலையை விட்டுப் போனவர்கள் கணக்கே 28.4 சதவீதம், ஊரெல்லாம் ஆள் ஓட்டம். எங்கள் கம்பெனியில் சம்பள ஹைக்குக்கு பட்ஜெட் இல்லை என்று மார்ச்சில் சொன்னவர்கள், பேப்பர் போட்டவர்களுக்கு, அதாவது ராஜினாமா கொடுத்தவர்களுக்கு மட்டும், போகாமல் இருக்கச் சம்பளத்தை ஏற்றி கவுண்டர் ஆஃபர் கொடுக்கப் பணத்தை எங்கிருந்தோ கொண்டுவந்தார்கள். போடாமல் இருந்தவனுக்கு ஒரு நன்றி மெயில் வந்தது.

சரி, கேட்பது இரண்டுதான். வெளியாளுக்கு ஆஃபர் லெட்டர் அடிக்கும் முன், அதே டீமில் அதே அனுபவத்தோடு இருப்பவர் என்ன வாங்குகிறார் என்று பார்த்து அதையும் சரிசெய்யுங்கள். மூன்று வருடம் ஒரே புராஜெக்டில் இருந்தவர் மாற்றம் கேட்டால், மேனேஜர் தடுக்க முடியாதபடி விதி போடுங்கள். வரும் ஆளுக்கு நாங்களே கேடி கொடுக்கிறோம், அதில்தான் நல்ல பழக்கம் இருக்கிறதே.

இப்படிக்கு,
இன்னும் பேப்பர் போடாத ஒருவன்