மறு அடகு

யாழ்ப்பாணம்,
ஆவணி 2025

மச்சான்,

உன் கடிதத்துக்குப் பதில் போடாமல் எட்டு மாதம் போய்விட்டது. கோபம் இருந்தால் நேரில் வந்து தீர்த்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் அப்படியேதான். கட்டையன் அங்கே வந்து இவ்வளவு நாளாகியும் உன்னை எட்டிப் பார்க்கவில்லையாம். அவன் கட்டையன்தானே, வேறென்ன எதிர்பார்த்தாய்?

"நாடு எழும்பிவிட்டது, இனி உங்களுக்கு என்ன குறை" என்று ஒரு வரி எழுதியிருந்தாய். அந்த வரிக்கு ஆம் என்றும் எழுத முடியவில்லை, இல்லை என்றும் எழுத முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு தாமதம். போன கிழமை வங்கியில் ஒன்று நடந்தது. அதைப் பார்த்த பிறகுதான் உனக்கு என்ன எழுதுவது என்றே தெரிந்தது.

நான் இன்னும் அடகுப் பகுதியில்தான் இருக்கிறேன். 2022 ஆவணியில் குருநகர்ப் பக்கத்து அக்கா ஒருவர் தாலிக்கொடியைக் கொண்டுவந்து வைத்தார். மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து ஒரே இரவில் 340 ஆன மாதம் அது, கடலுக்குப் போகிற வீடுகளில் என்ன நடந்திருக்கும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. அதன் பிறகு வருடா வருடம் வட்டியை மட்டும் கட்டி, துண்டைப் புதுப்பித்துக்கொண்டு போவார். போன கிழமை வந்து முழுக் காசும் கட்டி மீட்கப் போகிறேன் என்றார். எனக்குப் பெரிய சந்தோசம். உறையைப் பிரித்துக் கொடியைக் கையில் கொடுத்தேன். கழுத்தோடு ஒரு தரம் பிடித்துப் பார்த்தார், பிறகு அப்படியே என் பக்கம் தள்ளினார். "பவுண் விலை ஏறிக் கிடக்குத்தானே தம்பி, இப்ப வைச்சா கூடத் தருவீங்கள்தானே?"

கட்டிய காசு கைமாற்று. பின்னேரத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். மிஞ்சுவதில் மகனுக்குப் படகு எஞ்சின் பார்க்க வேண்டும், அதற்கும் காணாது. கொடி பத்து நிமிடம்தான் அவர் கையில் இருந்தது.

எங்கள் கொப்பியில் என்ன விழுந்தது தெரியுமா? பழைய கடன் முழுதாகத் தீர்ந்தது என்று ஒரு வரி, புதுக் கடன் என்று இன்னொரு வரி. முதல் வரியை மட்டும் வாசிக்கிறவன் அந்த அக்கா எழும்பிவிட்டார் என்றுதான் சொல்வான். மச்சான், நீ அங்கிருந்து வாசிக்கிறது அந்த முதல் வரியைத்தான்.

நாடும் இதைத்தான் செய்தது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்து வங்குரோத்து ஆனோம். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் நான்கு வருடத்துக்கு 3 பில்லியன் டொலர் வரை தர ஒப்புக்கொண்டது. 2024 டிசம்பரில் 12.5 பில்லியன் டொலர் அளவிலான பழைய பிணைமுறிகளை, அதாவது அரசாங்கம் கடன் வாங்கக் கொடுத்த பத்திரங்களை, மாற்றிப் புது முறிகள் கொடுத்தார்கள். கொஞ்சம் கழித்தார்கள், தவணையைத் தள்ளினார்கள், ஆனால் நாங்கள் எதிர்பார்த்ததை விட நன்றாக வளர்ந்தால் கூடக் கட்ட வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை இருக்கிறது. கொடி இன்னும் பெட்டகத்துக்குள்தான். 2028 வரப்போகிறது என்பதுதான் என் பயம், தவணைகள் பெரிதாக வருவது அப்போதுதான்.

நல்லதைச் சொல்லாமல் விட மாட்டேன். ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல், அதற்கும் கியூஆர், அதற்கும் வெயிலில் வரிசை. இன்றைக்கு ஒரு வரிசையும் இல்லை. 2022 மே மாதத்தில் கையில் செலவழிக்கக்கூடிய அந்நியச் செலாவணி 50 மில்லியன் டொலர் கூட இல்லை என்று நிதி அமைச்சரே சொன்னார், இப்போது மத்திய வங்கியின் கையிருப்பு 6 பில்லியனைச் சுற்றி நிற்கிறது. அதில் உங்களுக்கும் பங்குண்டு. 2024இல் மட்டும் வெளியில் இருக்கிற எங்கள் ஆட்கள் அனுப்பிய காசு 6.5 பில்லியன் டொலருக்கு மேல். அந்த வருடம் பொருளாதாரம் 5 வீதம் வளர்ந்தது. பொய்யில்லை, நான் கண்ணால் கண்டது.

ஆனால் பணவீக்கம் இறங்கிவிட்டது என்கிறபோது ஆட்கள் விலை இறங்கியதாக நினைக்கிறார்கள், நீயும் அப்படித்தான் நினைத்திருக்கிறாய். 2022 செப்டெம்பரில் அது 70 வீதத்துக்குக் கிட்டப் போனது. அதாவது ஒரு வருடத்துக்கு முன் 100 ரூபாய் கொடுத்த சாமான்களுக்கு 170 கொடுத்தோம். பணவீக்கம் பூச்சியம் ஆனால் 170 அங்கேயே நிற்கும், 100க்குத் திரும்பி வராது. சம்பளம் மட்டும் பழைய இடத்தில் நின்றுகொண்டு மேலே பார்க்கிறது. 8 வீதத்துக்கு இறக்கியிருந்த வற் வரி, அதாவது சாமான் வாங்கும்போது விலையோடு சேர்த்துக் கட்டுகிற வரி, படிப்படியாக ஏறி 2024 ஜனவரியில் 18 ஆனது. கணக்கு மாஸ்டர் இருந்திருந்தால் கரும்பலகையில் போட்டுக் காட்டி உன் காதையும் திருகியிருப்பார்.

எனக்கு ஆறாத ஒன்று சேமலாப நிதி. 2023இல் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது வங்கிகளிடம் இருந்த முறிகளைத் தொடவில்லை, தொட்டால் வங்கிகள் சரியும் என்றார்கள். நானும் வங்கிக்காரன், அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஊழியர் சேமலாப நிதியத்தின் முறிகளைக் குறைந்த வட்டிக்கு மாற்றினார்கள். அது தேயிலைத் தோட்டத்திலும் தைக்கிற தொழிற்சாலையிலும் முதுகு முறிந்தவர்களின் வயதான காலத்துக் காசு. அவர்களிடம் யார் கேட்டார்கள்? பெரியண்ணை அடுத்த வருடம் ஓய்வுக்குப் போகிறார், அவரிடம் இந்தப் பேச்சை எடுக்கவே பயமாக இருக்கிறது.

நாட்டில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் வறுமையில் என்று உலக வங்கி சொல்கிறது. 2019இல் இதில் பாதியும் இல்லை. அந்த நாலாவது ஆள் தினம் என் யன்னலுக்கு முன்னால் வந்து நிற்கிறார், மச்சான்.

சரி, இனி விசயத்துக்கு வருகிறேன். உன் அப்பாவின் எஞ்சின் பின்வளவுக் கொட்டிலில் இன்னும் கிடக்கிறது. நேற்றுப் போய்ச் சாக்கை விலக்கிப் பார்த்தேன். மேலே தூசிதான், கயிற்றை இழுத்தால் உள்ளே சுற்றுகிறது. கொஞ்சம் செலவழித்தால் ஓடும். நீ அதை விற்க மாட்டாய் என்று தெரியும், அப்பாவின் ஞாபகம் என்று அன்றைக்கே சொன்னாய். நானும் விலை கேட்கவில்லை. அந்த அக்காவின் மகனுக்கு இந்தச் சோளகக் காற்றுக் காலம் முடிவதற்குள் ஒரு எஞ்சின் வேண்டும்.

யோசித்துச் சொல். திறப்பு என்னிடம்தான் இருக்கிறது.

உன்,
பழைய பின்வாங்குக்காரன்