மஞ்சள் ஆறு விட்டுப்போன மணலும் ஒரு கவுண்டியின் நிர்வாகமும்

அன்பு நண்பர் சண்முகம் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, நீங்கள் மறுபடியும் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்பது மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. இங்கே எல்லோரும் நலம். பேத்தி கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். வீட்டில் எனக்குப் படிக்க நேரம் கிடைக்கிறது.

பீஜிங்கில் போடும் உத்தரவு ஒரு குக்கிராமத்து விவசாயியின் வாசலுக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்று கேட்டிருந்தீர்கள். வட்டாட்சியராக இருந்தவர் கேட்கும் கேள்வி என்பதால் மேலோட்டமாகப் பதில் எழுத மனம் வரவில்லை. சீனா முழுவதையும் பற்றி எழுதுவதைவிட ஒரே ஒரு கவுண்டியை, அதாவது மாகாணத்துக்குக் கீழுள்ள ஒரு நிர்வாகப் பகுதியை, எடுத்துக்கொண்டு எழுதுவதே சரியென்று தோன்றியது. நான் தேர்ந்தெடுத்தது ஹெனான் மாகாணத்தின் கிழக்கே, கைஃபெங் நகருக்கு அப்பால் உள்ள லான்காவ். சுமார் 1,100 சதுர கிலோமீட்டர் பரப்பு. நம் வட்டத்தைவிடப் பெரியது, மாவட்டத்தைவிடச் சிறியது. கடலை நோக்கிப் போகும் மஞ்சள் ஆறு தன் கடைசிப் பெரிய வளைவை இந்தக் கவுண்டியின் எல்லையில்தான் எடுக்கிறது. அந்த வளைவுக்கு ஒரு கதை உண்டு.

ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளாக மஞ்சள் ஆறு தென்கிழக்கே ஓடி மஞ்சள் கடலில் கலந்துகொண்டிருந்தது. 1855-ஆம் ஆண்டுக் கோடையில், இன்றைய லான்காவ் எல்லைக்குள் இருக்கும் டோங்வாஷியாங் என்ற இடத்தில் வடகரை உடைந்து, ஆறு வடகிழக்காகத் திரும்பிப் போஹாய் கடலைத் தேடிக்கொண்டது. கரை உடைந்த செய்தி பீஜிங் போய்ச் சேராமல் இல்லை. ஆனால் அப்போது அரசவை தைப்பிங் கிளர்ச்சியோடு போராடிக்கொண்டிருந்தது, கருவூலம் காலி. உடைப்பை அடைப்பது தள்ளிவைக்கப்பட்டது. பிறகு, பழைய தடத்துக்கே ஆற்றைத் திருப்புவதா, புதிய தடத்துக்குக் கரை எழுப்புவதா என்று பெரிய அதிகாரிகள் பல ஆண்டுகள் வாதிட்டார்கள். அந்த வாதத்தின் விலையைக் கொடுத்தவர்கள் புதிய தடத்தில் வெள்ளத்தோடு வாழ்ந்தவர்களும், நீர் வற்றிய பழைய தடத்தில் மணலோடு வாழ்ந்தவர்களும்தாம். லான்காவுக்கு இரண்டுமே வாய்த்தது. பழைய படுகையின் மணல் காற்றில் எழுந்து வயலை மூடியது. உயர்ந்த படுகையில் ஓடும் ஆற்றின் கசிவு நிலத்தடி நீரை மேலே தள்ளி, உப்பு வெள்ளையாகப் பூத்தது. மழை பெய்தால் வடிய வழியின்றித் தண்ணீர் நின்றது. நூறாண்டுகளுக்குப் பிறகும் இந்த ஊர் பேசிக்கொண்டிருந்த மூன்று கேடுகள் இவைதாம்: காற்று மணல், நீர்த்தேக்கம், உப்பு நிலம்.

அந்தக் காலத்துக் கவுண்டி நிர்வாகத்தை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். மன்னராட்சியில் அரசு நியமிக்கும் அதிகாரிகளில் மக்களுக்கு மிக அருகில் இருந்தவர் கவுண்டி நீதிபதி. அவருக்குக் கீழே மக்களிடம் வேர்விட்ட அரசு எதுவும் கிடையாது. ஒரு கவுண்டியில் சராசரியாக இரண்டு இலட்சம் பேருக்கு மேல். வரி வசூல், வழக்கு, கரை பராமரிப்பு, பஞ்சக் களஞ்சியம், சடங்குகள் எல்லாமே அந்த ஒரு மனிதரின் பொறுப்பு. சொந்த மாகாணத்தில் பதவி வகிக்கக் கூடாது என்பது விதி. சில ஆண்டுகளில் மாற்றல் வந்துவிடும். ஊர்ப் பேச்சு வழக்கே புரியாமல் வந்து சேர்பவர், தம் கைக்காசில் சம்பளம் கொடுத்துச் சட்டத்துக்கு ஓர் ஆலோசகரையும் கணக்குக்கு ஓர் ஆலோசகரையும் கூட்டிவருவார். அலுவலக எழுத்தர்களும் ஏவலர்களும் உள்ளூர்க்காரர்கள்; சம்பளம் சொற்பம் என்பதால், வழக்குக்கும் வரிக்கும் மக்களிடம் வாங்கும் கட்டணத்திலேயே பிழைத்தார்கள். ஆக, அதிகாரிக்கு ஊர் தெரியாது; ஊர் தெரிந்தவர்களுக்கோ உண்மையைச் சொல்வதில் ஆதாயம் இல்லை. உறவும் ஊழலும் சேராதிருக்கக் கொண்டுவந்த விதி, அறிவையும் சேரவிடாமல் செய்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இதே மண்ணில், அன்றைய யீஃபெங்கில், 17-ஆம் நூற்றாண்டில் பிறந்தவர் ஜாங் போசிங். காங்ஷி பேரரசரே நேர்மைக்கு முன்மாதிரி என்று பாராட்டிய அதிகாரி. அன்பளிப்புகளை மறுத்து அவர் வெளியிட்ட அறிக்கையில், ஓர் இழையும் ஒரு தானியமும் தம் பெயரைச் சார்ந்தவை, ஒரு காசானாலும் அது மக்களின் கொழுப்பு என்ற பொருளில் எழுதியிருக்கிறார். இன்றும் சீனாவில் அந்த வரிகளை எடுத்துச் சொல்கிறார்கள். அப்பேர்ப்பட்டவரும் விதிப்படி தம் சொந்த ஊரை ஆள முடியாது.

இந்த நிலப்பகுதியின் பெயரும் எல்லையும் ஓயாமல் மாறியிருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் யீஃபெங், லான்யாங்கோடு இணைக்கப்பட்டு லான்யீ ஆனது. குழந்தைப் பேரரசர் பூயி அரியணை ஏறியபின், அவர் பெயரில் உள்ள எழுத்து கவுண்டியின் பெயரிலும் இருக்கலாகாது என்று 1909-இல் லான்ஃபெங் என மாற்றினார்கள். ஆற்றங்கரையில் மணல் வயலை விழுங்கிக்கொண்டிருந்தபோது, மேலிடத்திலிருந்து தவறாமல் வந்துசேர்ந்தது பெயர் மாற்ற ஆணை! 1954-இல் லான்ஃபெங்கும் அண்டைக் கவுண்டியான காவ்செங்கும் இணைக்கப்பட்டு இன்றைய லான்காவ் உருவானது.

புதிய கம்யூனிஸ்ட் ஆட்சி, அதிகாரத்தைக் கவுண்டியோடு நிறுத்தாமல் ஊருக்குள்ளேயே கொண்டுசென்றது. 1958-இல், நிலத்தையும் உழைப்பையும் பொதுவில் சேர்த்த மக்கள் கம்யூன்கள் வந்தன. மேலிடம் இலக்குச் சொன்னது; கீழிடம் அதைவிடக் கூடுதலாக விளைந்ததாக எழுதி அனுப்பியது; எழுதிய கணக்குப்படி தானியம் கொள்முதல் செய்யப்பட்டது. 1959 முதல் 1961 வரை ஹெனான் கண்ட பஞ்சம் நாட்டிலேயே மிகக் கொடியவற்றுள் ஒன்று. அதே ஆண்டுகளில் மஞ்சள் ஆற்று நீரை வடிகாலின்றி வயலுக்குப் பாய்ச்சியதால் உப்பு நிலம் இன்னும் பெருகியது. 1962-இல் லான்காவில் வசந்தத்து மணற்காற்று சுமார் 33,000 ஏக்கர் கோதுமையை அழித்தது. இலையுதிர் கால வெள்ளம் 50,000 ஏக்கருக்கு மேல் மூழ்கடித்தது. 16,000 ஏக்கருக்கு மேல் உப்பில் கருகியது. அந்தக் குளிர்காலத்தில்தான் ஜியாவ் யூலு கட்சிச் செயலாளராக அங்கே வந்து சேர்ந்தார். வயது நாற்பது. ஷான்டோங் மாகாணத்துக்காரர், லுவோயாங்கில் சுரங்க இயந்திரத் தொழிற்சாலையில் பணியாற்றியவர்.

அவரைப் பற்றிச் சீனாவில் சொல்லப்படுபவை பெரும்பாலும் புகழ்மாலை. ஆனால் ஒரு நிர்வாகியின் கண்ணோடு நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டு உண்டு. அப்போது பிழைப்புத் தேடி வெளியேறும் மக்களைத் தடுத்துத் திருப்புவதற்கென்றே கவுண்டியில் ஓர் அலுவலகம் இருந்தது. பனி கொட்டிய ஓர் இரவில் கவுண்டிக் குழுவினரை ரயில் நிலையத்துக்கு அழைத்துப்போய், கந்தல் உடையோடு ரயிலேறக் காத்திருந்த கூட்டத்தை அவர் காட்டினார். இவர்கள் போவது இவர்கள் குற்றமன்று, நம் பொறுப்பு என்பதே அவர் சொன்னதன் சாரம். அதன்பின் அந்தத் தடுப்பு அலுவலகம் மூன்று கேடுகளை ஒழிக்கும் அலுவலகமாக மாற்றப்பட்டது. பலகையை மாற்றுவது எளிது. எதை நோயாகவும் எதை நோயின் அறிகுறியாகவும் பதிவேட்டில் எழுதுகிறோம் என்பதை மாற்றுவது எவ்வளவு அரிது என்பது உங்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, கணக்கெடுப்பு. சுமார் 120 பேர் கொண்ட குழு கவுண்டி முழுவதும் நடந்து, காற்று புகும் வாய்கள் 84, மணல் மேடுகள் 1,600 என ஒவ்வொன்றையும் குறித்து வரைபடம் போட்டது. ஈரல் நோய் முற்றியிருந்தும் அவரும் காற்றிலும் மழையிலும் கூடப் போனார். அந்த அலைச்சலில், ஒரு கிராமத்து விவசாயி தம் தாயின் கல்லறையைக் காற்று அரிக்காமலிருக்க மணலுக்கு அடியிலிருந்து களிமண் தோண்டி அதன்மேல் பூசி மூடியிருந்ததைக் கண்டார்கள். மேலே மணல், ஓரிரு முழம் தோண்டினால் களிமண். மஞ்சள் ஆறு அடுக்கடுக்காக விட்டுச்சென்ற படிவு. ஒரு கல்லறையை மூட முடியுமானால் ஒரு மணல் மேட்டையும் மூட முடியும். முதலில் களிமண் போர்த்துவது, பிறகு அதில் மரமும் புல்லும் நடுவது என்று வேலை தொடங்கியது. முதலாவதைப் புண்ணுக்குப் பற்றுப் போடுவது என்றும் இரண்டாவதை ஊசி குத்துவது என்றும் ஊரார் சொன்னார்கள். நண்பரே, நூறாண்டுகளாக அரசவையும் ஆணையங்களும் சொல்லாத வழி, தாயின் கல்லறைக்காகத் தவித்த ஒரு மகனின் கையில் இருந்தது. அதைப் போய்ப் பார்க்கவும், கேட்டு எழுதிக்கொள்ளவும் கவுண்டியிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது, அவ்வளவே. உங்கள் கேள்வியைச் சற்றுத் திருப்பிப்போட்டு நான் கேட்பதும் இதுதான்: உத்தரவு கீழே போவதில் சீனாவுக்கு எக்காலத்திலும் பெரிய சிரமம் இருந்ததில்லை, கீழே உள்ள உண்மை மேலே வருகிறதா என்பதில்தான் ஒவ்வொரு கவுண்டியின் கதியும் தொங்குகிறது.

நடப்பட்டவற்றுள் பவுலோனியா என்ற மரம் முக்கியமானது. வேர் ஆழமாகப் போவதால் கோதுமையின் ஈரத்தோடு போட்டியிடாது. இலை தாமதமாகத் துளிர்ப்பதால் பயிருக்கு வெயில் கிடைக்கும். விரைவாக உயர்ந்து காற்றைத் தடுக்கும். ஜியாவ் 1964 மே 14 அன்று கல்லீரல் புற்றுநோயால் இறந்தார். லான்காவில் அவர் பணியாற்றியது ஒன்றரை ஆண்டுக்கும் குறைவு. வலியை அடக்க வயிற்றுக்கும் நாற்காலிக்கும் இடையே ஏதாவது ஒரு பொருளை வைத்து அழுத்திக்கொண்டே எழுதியதால், அவருடைய பிரம்பு நாற்காலியின் வலப்பக்கம் ஓட்டை விழுந்திருந்தது. மணல் மேட்டிலேயே புதைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். 1966 பிப்ரவரியில் கட்சி நாளிதழில் வெளியான நெடுங்கட்டுரை அவரை நாடு முழுவதும் அறியச் செய்தது.

இங்கே என் மனம் ஒப்பாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். முன்மாதிரி என்று நாடே கொண்டாடிய அந்தக் கவுண்டி, 2002-இல் தேசிய வறுமைக் கவுண்டிப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதிகாரியைப் போற்றுவது நாட்டுக்குப் பயன்பட்டது. அவர் ஊருக்கு அந்த அளவு பயன்படவில்லை. இதற்குக் காரணம் தனி மனிதர்கள் மட்டுமல்லர், வரவுசெலவின் அமைப்பும்தான். 1994-ஆம் ஆண்டு வரிப் பகிர்வுச் சீர்திருத்தத்தில் வருவாயின் பெரும்பங்கு மத்திய அரசுக்குப் போயிற்று. பள்ளியும் மருத்துவமனையும் சாலையும் கவுண்டியின் தலையிலேயே இருந்தன. பற்றாக்குறையை ஈடுகட்ட விவசாயிகளிடம் விதவிதமான கட்டணங்கள் வாங்கினார்கள். ஊருக்கு ஊர் மனக்கசப்பு முற்றியது. 2006-இல் விவசாய வரியே ஒழிக்கப்பட்டபோது விவசாயிக்கு மூச்சு வந்தது. ஆனால் கவுண்டியின் கீழுள்ள சிற்றூர் நிர்வாகங்களின் கையில் பணமில்லாமல் போயிற்று. அன்றிலிருந்து கவுண்டி மேலிருந்து வரும் மானியத்தையும் நில விற்பனையையும் நம்பியே நடக்கிறது. மானியம் யாரிடமிருந்து வருகிறதோ அவரைத்தான் அதிகாரியின் கண் பார்க்கும்.

இன்றைய அடுக்கு இது: கவுண்டியில் முதல் நாற்காலி கட்சிச் செயலாளருக்கு, நிர்வாகத் தலைவர் இரண்டாவது. கவுண்டி மக்கள் பேரவை உறுப்பினர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்பேரவை நிர்வாகத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறது. செயலாளரை நியமிப்பது மேலிடக் கட்சி அமைப்பு. கிராமக் குழு, சட்டப்படி, அரசின் அங்கமன்று, சுயநிர்வாக அமைப்பு. ஆனாலும் இலக்குகள் அதன் வாசல் வரை இறங்கிவிடும்.

2014-இல் அதிபர் ஷீ ஜின்பிங் லான்காவைத் தாம் நேரடியாகக் கவனிக்கும் தொடர்பு இடமாகத் தேர்ந்துகொண்டு நேரில் வந்துபோனார். அதன்பின் வேகம் பிறந்தது. ஏழைக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் கோப்பு. வருமானத்தோடு உணவு, உடை, கல்வி, மருத்துவம், வீடு ஆகியவையும் அளவுகோல். ஏழைகளின் விகிதம் 2 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால்தான் பட்டியலிலிருந்து விடுதலை. 2017 மார்ச்சில் ஹெனானிலேயே முதலாவதாக லான்காவ் வெளியேறியது. இதற்கிடையே அந்தப் பவுலோனியா மரமும் கைகொடுத்தது. அதன் பலகை லேசானது, நாதம் ஏற்பது என்று இசைக்கருவி செய்பவர்கள் கண்டறிந்து, இன்று ஷூசாங் என்ற கிராமமே கூஜெங், பீபா என்ற தந்திக் கருவிகளைச் செய்யும் பட்டறைகளாக இருக்கிறது. மணலைக் கட்ட நட்ட மரம் இப்படிச் சோறு போடும் என்று எந்தத் திட்ட ஆவணத்திலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

மேலிடத்து அழுத்தத்தால் 1958-இல் அழிந்த கவுண்டியே மேலிடத்து அழுத்தத்தால் 2017-இல் எழுந்தது என்பது என்னை உறங்கவிடாத விஷயம். இந்த முறை ஏழைக் குடும்பத்தின் கோப்பை வெளியிலிருந்து வந்த மதிப்பீட்டாளர்கள் வீடு வீடாகச் சரிபார்த்தார்கள். வேறுபாடு அதில்தான் என்று இப்போதைக்குக் கருதுகிறேன். நீங்கள் வட்டத்தில் இருந்தபோது வறட்சி நிவாரணக் கணக்கு எடுத்திருக்கிறீர்கள். கிராமத்திலிருந்து வந்த எண்ணும் நீங்கள் மேலே அனுப்பிய எண்ணும் எங்கே, யாருடைய கையில் மாறும் என்பதை ஒளிக்காமல் எழுதுங்கள். அதைப் படித்த பிறகு லான்காவின் பழைய பதிவுகளை வேறு கண்ணோடு வாசிப்பேன்.

வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

என்றும் அன்புடன்,
வேதமூர்த்தி