அரசுக் கோப்பில் உள்ள தமிழ் யாருடைய பிடியில் இருக்கிறது? தகவல் தொழில்நுட்பத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் தகவல் தொழில்நுட்பவியல் மற்றும் டிஜிட்டல் சேவைகள் துறைப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

அரசுக் கணினிகளின் இயங்குதளம் விலைக்கு வாங்கும் விண்டோஸா, எவரும் பயன்படுத்தித் திருத்தத்தக்க லினக்ஸா என்ற வாதம் நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் 2007-ஐ ஒட்டி லினக்ஸுக்கு மாறியபோதும், 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன், ஒன்றிய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் என்ற லினக்ஸ் வகையும் இடம்பெற்றபோதும் இரு தரப்பாரும் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டார்கள். அதை மீண்டும் கிளற நான் இதை எழுதவில்லை. எந்த இயங்குதளமானாலும், அதில் தட்டச்சாகிச் சேமிக்கப்படும் தமிழ் யாருடைய பிடியில் இருக்கிறது என்ற கேள்வியே எனக்கு அவசரமாகப்படுகிறது.

பக்க வடிவமைப்புத் தொழிலில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். ஒருமுறை, விழா மலர் ஒன்றுக்காக ஓர் அலுவலகத்திலிருந்து பழைய கோப்புகள் குறுவட்டில் வந்தன. திறந்து பார்த்தால் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தட்டச்சு செய்த தமிழ் மென்பொருள், கணினியில் செருக வேண்டிய டாங்கிள் என்ற பூட்டுக் கருவி இல்லாமல் இயங்காது. டாங்கிள் தொலைந்து போயிருந்தது. விற்ற நிறுவனமும் கடையை மூடியிருந்தது. காசு கொடுத்து வாங்கி, சம்பளம் கொடுத்துத் தட்டச்சு செய்வித்த பக்கங்களை, கையில் இருந்த அச்சுப்படியைப் பார்த்து இரண்டாம் முறையும் காசு கொடுத்துத் தட்டச்சு செய்தோம்.

இது நேர்வதன் காரணம் எளியது. பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்திக்கொண்டன. பாமினி என்ற பழைய எழுத்துருவில் 'அம்மா' என்று நாம் காண்பது, கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே இருக்கிறது. வேறு எழுத்துருவில் அதே சொல்லுக்கு வேறு வரிசை. ஆக, எழுத்துரு போனால் எழுத்தும் போயிற்று. இன்னமும் அரசுத் தளங்களில் இருக்கும் பல பிடிஎஃப் ஆவணங்களிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் பொருளற்ற குறிகளே வருகின்றன. அவற்றைத் தேடுபொறியால் கண்டெடுக்க முடியாது, பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பானாலும் படித்துக்காட்ட முடியாது.

அரசு இதை அறியாமல் இருந்ததில்லை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி எந்த எழுத்துக்குக் கணினியில் எந்த எண் என்று வகுக்கும் டாம், டாப் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் தரமாக்கப்பட்டன. 2010-இல், கோவை செம்மொழி மாநாட்டின்போது, உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியேற்றமாகிய யூனிகோடும், அது முழுமையாக இயங்காத இடங்களுக்குத் தமிழுக்கென உருவான டேஸ்16 குறியேற்றமும் அரசாணை வழியே தரங்களாயின. ஆணை இருக்கிறது, அதற்கு இணங்காத கோப்பை வாங்க மறுக்கும் வழக்கம்தான் வேரூன்றவில்லை.

மூலநிரலைத் தம்மிடமே பூட்டி வைக்கும் தனியுரிமை மென்பொருள் நிறுவனங்கள் மீது முழுப் பழியையும் போடுவது நியாயமாகாது. தமிழ் யூனிகோடை லதா எழுத்துருவுடன் சாதாரணப் பயனரின் மேசைக்கு 2000-ஆம் ஆண்டிலேயே கொண்டுவந்தது விண்டோஸ்தான். மறுபுறம், விலையின்றிக் கிடைத்த எழுத்துருக்கள் பலவும் மாற்றவோ திருத்தவோ உரிமை தராதவை. 'இலவசம்' (விலையில்லாதது), 'கட்டற்றது' (மாற்றவும் பகிரவும் உரிமை தருவது) என்னும் இரண்டையும் ஒன்றாக எண்ணுவது நம் விவாதங்களில் தீராத குழப்பம்.

ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-இல் முடிவெடுத்து, 2013-க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2017-இல் அதன் மன்றமே விண்டோஸுக்குத் திரும்ப வாக்களித்தது. அரசியலும் நிர்வாகச் சிக்கல்களும் அதில் கலந்திருந்தன என்றாலும், வெளி அலுவலகங்கள் வேறு வடிவத்தில் அனுப்பிய ஆவணங்களோடு ஊழியர்கள் பட்ட பாடு பெரிய குறையாகவே பேசப்பட்டது. இயங்குதளத்தை ஒரு நகரம் தனியாக மாற்றிக்கொள்ளலாம், கோப்பு வடிவத்தை அப்படி மாற்ற முடியாது. ஒரு மாநில அரசுக்கோ, தன் எல்லாத் துறைகளுக்கும் ஒரே நாளில் ஒரே விதியைச் சொல்லும் வலிமை உண்டு.

ஆகவே என் கோரிக்கை இவ்வளவே. எந்த நிறுவனத்தின் மென்பொருளை வாங்கினாலும், அதில் உருவாகும் தமிழ் உரை யூனிகோடிலும், திருத்தத்தக்க ஆவணம் எந்த நிறுவனத்தின் மென்பொருளிலும் திறக்கத்தக்க ஓடிஎஃப் போன்ற திறந்த வடிவிலும் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பதை ஒப்பந்தப்புள்ளியின் நிபந்தனையாக்குங்கள். இல்லையேல் பணம் இல்லை என்று எழுதுங்கள். மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறமூல மென்பொருளைத் தவிர்ப்பவர் காரணம் சொல்ல வேண்டும் என்று ஒன்றிய அரசின் 2015-ஆம் ஆண்டுக் கொள்கை கேட்கிறது. அந்தக் காரணத்தைப் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிடுங்கள். அரசுப் பணத்தில் உருவாகும் எழுத்துரு, விசைப்பலகைச் செயலி, குறியேற்ற மாற்றி ஆகியவை மூலநிரலோடு கட்டற்ற உரிமத்தில் வெளிவரட்டும்.

பழைய கோப்புகளை மாற்றும் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் தட்டச்சானது என்று பார்த்தவுடன் சொல்லக்கூடிய தட்டச்சர்கள் இன்னும் சிலர் பணியில் இருக்கிறார்கள். அவர்கள் ஓய்வு பெறுவதற்குள் அந்தப் பட்டியலையாவது எழுதி வாங்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பக்க வடிவமைப்பாளன்