மருத்துவக் காப்பீட்டில் 'முன்பே உள்ள நோய்': வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மருத்துவக் காப்பீடு எடுக்க எங்கள் முகவர் நிலையத்துக்கு வருவோரில் பலர், சுகர் இருப்பதை எழுதினால் பாலிசி கிடைக்காதே, எழுதாமல் விட்டுவிடலாமா என்று கேட்கிறார்கள். விடக்கூடாது என்பதே எங்கள் பதில். அதற்கான காரணத்தை விளக்கவே இம்மடலை எழுதுகிறோம்.

பாலிசி தொடங்கும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களுக்குள் ஒரு மருத்துவர் கண்டறிந்த நோயும், அதே காலத்தில் மருத்துவரிடம் ஆலோசனையோ சிகிச்சையோ பெற்ற, அல்லது பெறும்படி அவர் பரிந்துரைத்த உடல்நிலையும் 'முன்பே உள்ள நோய்' எனக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வரையறுத்துள்ளது. பத்து வருடப் பழைய சுகர் இந்த மூன்று வருடக் கணக்கில் வராது என்று வாதிடுவோர் உண்டு; தினமும் மாத்திரை சாப்பிடுபவர் கையில் அண்மையில் எழுதிய மருந்துச் சீட்டு ஒன்று இருக்கத்தான் செய்யும் என்பதால் அந்த வாதம் நிற்காது. மேலும், வரையறை 36 மாதத்தோடு நின்றாலும், பாலிசி கேட்டு நீங்கள் நிரப்பித் தரும் முன்மொழிவுப் படிவம் இதற்கு முன் எப்போதாவது இந்த நோய் இருந்ததா என்று கேட்குமானால், பழைய அறுவைச் சிகிச்சையையும் சேர்த்தே எழுத வேண்டும்.

எழுதிவிட்டால் என்ன ஆகும்? சில நிறுவனங்கள் பிரீமியத்தைக் கூட்டும், சில மறுக்கவும் செய்யும். ஏற்றுக்கொண்ட பாலிசியில் அந்நோய்க்கும் அதனால் நேரும் சிக்கல்களுக்கும் காத்திருப்புக் காலம் உண்டு; அது முடியும்வரை அவற்றுக்குக் கிளைம் கிடைக்காது. முன்பு 48 மாதங்கள் வரை அனுமதிக்கப்பட்டிருந்த இக்காலத்தின் உச்ச வரம்பு, 2024 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த விதிமுறைப்படி 36 மாதங்களாகக் குறைந்துள்ளது. கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு இதை மேலும் குறைக்கும் திட்டங்களும் விற்பனையில் உள்ளன. பாலிசி எடுத்த இரண்டாம் வருடத்தில் புதிதாகக் கண்டறியப்படும் பிரஷர் இந்தக் கணக்கில் சேராது. ஆனால் கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றுக்குத் தனிக் காத்திருப்புக் காலம் இருக்கும்.

எழுதாமல் மறைத்தவருக்குச் சிக்கல் பெரும்பாலும் மருத்துவமனையில்தான் தொடங்குகிறது. நோயாளியைச் சேர்க்கும் பரபரப்பில், சுகர் எத்தனை நாளாக இருக்கிறது என்று பணி மருத்துவர் கேட்க, உடன் வந்த உறவினர் "அஞ்சாறு வருஷமா இருக்குங்க" என்று உத்தேசமாகச் சொல்லிவிடுவார். அது அப்படியே கேஸ் ஷீட்டில் ஏறி, டிஸ்சார்ஜ் சம்மரிக்கும் போய்ச் சேரும். கிளைமை ஆராய்பவர் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான். உண்மையில் ஒரு வருடமே ஆன சுகருக்கும் இப்படி வாய்க்கு வந்த கணக்கால் கிளைம் நின்றுபோவதுண்டு. ஆகவே கேட்பவரிடம் சரியான காலத்தைச் சொல்லுங்கள். தவறாகப் பதிவாகியிருந்தால், வீடு திரும்பும் முன்பே, முதன்முதலில் நோய் கண்டறியப்பட்டபோது எடுத்த பரிசோதனை அறிக்கையைக் காட்டி மருத்துவரிடம் எழுத்துமூலம் திருத்தம் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பழைய அறிக்கையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நீதிமன்றத் தீர்ப்புகளும் இதையொட்டியே அமைந்துள்ளன. நாள்பட்ட நீரிழிவையும் சிறுநீரகப் பாதிப்பையும் மறைத்து எடுத்த பாலிசியில் கிளைமை மறுத்தது சரியே என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. நீரிழிவைத் தெரிவித்து வெளிநாட்டுப் பயணக் காப்பீடு எடுத்து, அமெரிக்காவில் மாரடைப்புக்கு ஆளானவரின் வழக்கிலோ, உடல்நிலையை மதிப்பிட்டுப் பாலிசி வழங்கிய நிறுவனம், தெரிவிக்கப்பட்ட அதே உடல்நிலையைக் காட்டிப் பின்னர் மறுக்க முடியாது என்று 2021 டிசம்பரில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தொடர்ந்து 60 மாதங்கள் பாலிசி நடப்பில் இருந்துவிட்டால், நிரூபிக்கப்பட்ட மோசடி நீங்கலாக, தகவல் சொல்லவில்லை என்ற காரணத்தால் கிளைமை மறுக்க முடியாது என்ற விதியும் உள்ளது. இதை நம்பி மறைக்கலாம் என்று சொல்லும் முகவர்களும் இருக்கிறார்கள். ஐந்து வருடத்துக்குள் மாரடைப்பு வராது என்று அவர்கள் உத்தரவாதம் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். காப்பீட்டுத் தொகையை 5 லட்சத்திலிருந்து 10 லட்சமாக உயர்த்தினால், கூடுதலான 5 லட்சத்துக்குக் காத்திருப்பும் இந்த 60 மாதமும் புதிதாகத் தொடங்கும். இருக்கும் பாலிசியைத் தொடர்ச்சி விடாமல் வேறு நிறுவனத்துக்கு மாற்றும் போர்ட்டபிலிட்டி முறையில் மாறினால் கழிந்த காலம் கணக்கில் வரும். பாலிசியைக் காலாவதியாக விட்டுப் புதிதாக எடுத்தால் வராது.

கிளைம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதி, 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ, காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் நடுவரான, சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் ஒரு வருடத்துக்குள் முறையிடலாம். கட்டணமோ வக்கீலோ தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் விசாரிக்கிறார்.

ஏற்கெனவே எங்கள் வழியாகப் பாலிசி எடுத்தவர்கள், முன்மொழிவுப் படிவத்தின் நகலை ஒருமுறை எடுத்துப் பார்த்து, விடுபட்ட நோய் ஏதேனும் இருந்தால் அடுத்த புதுப்பித்தலுக்கு முன்பாக, மருந்துச் சீட்டுடன் நேரில் வருமாறு கேட்டுக்கொள்கிறோம். நிறுவனத்துக்குத் தெரிவிக்கும் கடிதத்தை நாங்களே எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் காப்பீட்டு முகவர் நிலையத்தார்