மித்தரானின் கதை 1983 மார்ச்சோடு முடியவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பிரான்சின் முன்னாள் ஜனாதிபதி பிரான்சுவா மித்தரானைப் பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படித்துக்கொண்டு போனேன். ‘1983 மார்ச்சுக்குப் பிறகு அவர் எளியவர்களுக்காக ஒன்றும் செய்யவில்லை’ என்ற வரி வந்ததும் இதழை மூடி வைத்துவிட்டேன். அந்த வரி இன்னும் மனத்தை அறுக்கிறது.

அப்போதைய பிரெஞ்சு நாணயமான பிராங்கின் மதிப்பு மூன்று முறை குறைக்கப்பட்டதும், அந்த மார்ச்சில் சிக்கன நடவடிக்கை வந்ததும் உண்மை. வங்கிகளை நாட்டுடைமையாக்கிய அரசு ஓராண்டு கடந்ததுமே பின்வாங்கியது. அதை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் அதே ஆண்டு டிசம்பர் 3-ஆம் தேதி நடந்தது தங்களுக்குத் தெரியாததா? இனவெறிக்கு எதிராக, சம உரிமை கேட்டு மார்செய்யிலிருந்து அக்டோபரில் கால்நடையாகப் புறப்பட்ட குடியேறிகளின் பிள்ளைகள் அன்று பாரிஸ் வந்து சேர்ந்தார்கள். வரவேற்க ஒரு லட்சம் பேர் திரண்டார்கள். நடந்து வந்தவர்களின் பிரதிநிதிகளை ஜனாதிபதியின் எலிசே மாளிகைக்குள் அழைத்து, பத்தாண்டு வதிவிட அனுமதி தருவதாக வாக்களித்தவர் மித்தரான். 1984 ஜூலை 17-இல் அது சட்டமானது. தேசிய சட்டமன்றத்தில் வலதுசாரிகளும் சேர்ந்தே அதை ஆதரித்தார்கள்.

எங்கள் ஆட்கள் அதைப் ‘பத்து வருட விசா’ என்பார்கள். 1983 கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து இங்கே வந்து சேர்ந்தவன் நான். முதலில் கையில் இருந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய துண்டுக் கடதாசி. நான் கோப்பை கழுவிய உணவகத்தின் முதலாளி மாதக் கடைசியில் அதை வாங்கித் தேதியைப் பார்ப்பார். முடியும் நாள் நெருங்கியிருந்தால் சம்பளத்தில் பாதியைப் பிறகு தருவதாகச் சொல்லுவார். அந்தப் ‘பிறகு’ வந்ததே இல்லை. அகதி அந்தஸ்து கிடைத்து, பத்து வருட விசாவை அவர் முன் வைத்த நாளில் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த மாதம் முழுச் சம்பளம் கிடைத்தது. வாடகைக்கு அறை கிடைத்ததும் மனைவியைக் கூப்பிட முடிந்ததும் அதன் பின்னர்தான். இதையெல்லாம் ‘ஒன்றும் செய்யவில்லை’ என்ற இரண்டு சொற்களில் தங்கள் கட்டுரையாளர் துடைத்துவிட்டார்.

1981 அக்டோபர் 9-ஆம் தேதிக்கும் இதே கதிதான். மரண தண்டனையை ஒழித்த சட்டத்தைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறார். அதன் எண் 81-908. அதே நாளில் வந்த 81-909-ஆம் சட்டம் பற்றி ஒரு சொல் இல்லை. அதுவரை வெளிநாட்டவர் சங்கம் அமைக்க அரசின் முன் அனுமதி வேண்டியிருந்தது. அந்தத் தடையை நீக்கியது இந்தச் சட்டம். பிரான்சில் எங்கள் தமிழ்ப் பள்ளிகளும் விளையாட்டுக் கழகங்களும் பதிவு பெற்றதற்கு வழி திறந்தது அதுதான். தமிழ் வாசகனுக்கு இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

மித்தரானைக் குறை சொல்லக் கூடாது என்று நான் கேட்கவில்லை. சொல்ல வேண்டியவை இருக்கின்றன, அவற்றைத்தான் விட்டுவிட்டீர்கள். அவர் நீதி அமைச்சராக இருந்தபோது அல்ஜீரியாவில் 40-க்கும் மேற்பட்ட விடுதலைப் போராளிகளின் தலை கில்லட்டினில் விழுந்தது. யாரையும் கொல்லாத பெர்னான் இவ்தோன் என்ற தொழிலாளியும் 1957 பிப்ரவரியில் அப்படித்தான் போனார். இளமை முதலே சோசலிஸ்ட் என்கிறது கட்டுரை. இரண்டாம் உலகப் போரில் நாஜிகளோடு ஒத்துழைத்த விஷி அரசிடம் பதக்கம் வாங்கியவர் அவர். சோசலிஸ்ட் கட்சியில் சேர்ந்ததே 1971-இல், எப்பினே மாநாட்டில், 54 வயதில். அதே மாநாட்டில் தலைவராகவும் ஆனார். 1991-இல் புகலிடம் கேட்டவர்களிடமிருந்து வேலை செய்யும் உரிமையைப் பறித்ததும் அவர் காலத்துச் சோசலிச அரசுதான். எங்களுக்குப் பின் வந்த பொடியன்கள் அதன் பிறகு களவாகத்தான் வேலை செய்தார்கள். 1994 ருவாண்டா இனப்படுகொலையில் அவர் அரசின் பங்கு பற்றியும் ஒரு வரி இல்லை.

இது முதல் முறையும் இல்லை. 1958-இல் தொடங்கிய ஐந்தாம் குடியரசின் இரண்டாவது சோசலிச ஜனாதிபதியான பிரான்சுவா ஒலாந்து 2017 தேர்தலில் தோற்றுப்போனதாகத் தங்கள் இதழ் முன்பு எழுதியது. அவர் போட்டியிடவே இல்லை. 2016 டிசம்பர் 1-ஆம் தேதியே விலகிக்கொள்வதாகத் தொலைக்காட்சியில் அறிவித்துவிட்டார். அப்போதும் கடிதம் எழுதினேன். அச்சிடவும் இல்லை, பதிலும் இல்லை. வெளிநாட்டுச் சந்தா முடிவதை நினைவூட்டும் கடிதம் மட்டும் தவறாமல் வருகிறது. பிரான்சைப் பற்றி எழுதும்போது, இங்கே வாழும் தமிழன் ஒருவனிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? அந்த அளவுக்கு நாங்கள் அந்நியர்களாகிவிட்டோமா? முதல் இதழிலிருந்து வாங்கிப் படிக்கிறவன் என்ற உரிமையில்தான் கேட்கிறேன்.

அடுத்த இதழில் 1984 ஜூலை 17 சட்டத்தையும் 81-909-ஆம் சட்டத்தையும் குறிப்பிட்டு ஒரு சிறு திருத்தம் வெளியிடுங்கள். ஒலாந்து பற்றிய பழைய தவறையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம். கடைசிப் பக்கத்தின் மூலையில் போட்டாலும் சரி.

இப்படிக்கு,
சந்தாதாரர் ஒருவர்,
லா கூர்நெவ், பிரான்ஸ்