படுவான்கரை வைத்தியசாலைகளில் மாரடைப்புக்கு உடனடிச் சிகிச்சை கோரும் மனு

பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்,
மட்டக்களப்பு.

ஐயா / அம்மணி,

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கங்களில் வாழும் நாங்கள் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம்.

2014இல் மண்முனைப் பாலம் திறந்ததோடு அந்த இடத்தில் பாதைப் படகுக்குக் காத்து நின்ற காலம் போய்விட்டது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்சும் வருகிறது. சரி, ஆனால் மாரடைப்பில் நேரம் போவது வீதியில் மட்டுமல்ல, நோயாளி முதலில் போய்ச் சேரும் சிறிய வைத்தியசாலையிலும்தான்.

நெஞ்சு நோ என்று வருபவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈசிஜி (இதயத்தின் மின்பதிவுப் படம்) எடுத்துப் பார்க்க வேண்டும். இங்கே வயலில் நின்றவருக்கு நெஞ்சு இறுகி வியர்த்துக் கொட்டினால் வீட்டார் வாயு என்கிறார்கள். வைத்தியசாலையிலும் சில வேளை கேஸ்ட்ரிக் குளிசை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். நீரிழிவுள்ள பெண்களின் நிலை இன்னும் மோசம். அவர்களில் பலருக்கு நோவே தெரியாது. மூச்சு வாங்கும், சத்தி வரும், களைப்பாக இருக்கும். அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட எங்கள் ஊர்த் தாயார் ஒருவர் விடியுமுன் இறந்துபோனார். முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும், நோ நிற்காவிட்டால் திரும்ப எடுக்க வேண்டும் என்பதையும் கடமையில் இருப்போருக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

நாங்கள் கேட்பது பெரிய கட்டடம் அல்ல. இரவிலும் ஈசிஜி எடுக்க ஆள் இருக்க வேண்டும். அந்தப் படத்தைக் கைத்தொலைபேசியில் அனுப்பினால், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் ஒரு வைத்தியர் உடனே பார்த்துச் சொல்ல ஒழுங்கு வேண்டும். இதயத்தின் இரத்தக்குழாய் முழுதாய் அடைபட்டிருந்து, 2 மணித்தியாலத்துக்குள் ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழல்) வைக்கும் இடத்துக்குக் கொண்டுபோக முடியாவிட்டால், இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை அந்தச் சிறிய வைத்தியசாலையிலேயே ஏற்ற வேண்டும். அம்மருந்துகளில் ஸ்ட்ரெப்டோகைனேசை 30 முதல் 60 நிமிடம் வரை ஏற்றவேண்டி வரும். டெனெக்டெப்லேஸ் ஒரே ஊசி. விலை கூடத்தான், ஆனாலும் ஆள் குறைந்த வைத்தியசாலைக்கு அதுவே தோது. மருந்து ஏற்றும்போது இதயத்துடிப்பு குழம்பினால் அதிர்வு கொடுக்கும் கருவியும் பக்கத்தில் வேண்டும்.

கண்ணை மூடிக்கொண்டு ஊசி போடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியின் உட்சுவர் கிழிந்தாலும் நெஞ்சு நோதான். அது முதுகுக்கும் போகும், இரு கைகளிலும் இரத்த அழுத்தம் வேறுபடலாம். அந்த நோயாளிக்கு இதே மருந்து எமனாகிவிடும். படம் பார்க்க அனுபவமுள்ள வைத்தியர் வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

இன்னொன்று: காலின் இரத்தக்குழாய் அடைபட்டு, திடீரெனக் கால் குளிர்ந்து வெளுத்து, நாடி பிடிபடாமல் வருபவரையும் தாமதிக்காமல் அனுப்ப வேண்டும். 6 மணித்தியாலம் தாண்டினால் காலைக் காப்பாற்றுவது கடினம்.

இவை பற்றிப் பேச எங்கள் பிரதிநிதிகளுக்கு இம்மாதமே ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
படுவான்கரைக் கிராம மக்கள்