முதல் மூன்று விநாடி

அன்புள்ள பாப்பா,

உன் கடைசி வீடியோ வந்து 18 நாள் ஆகிறது. அதைக் கேட்க இதை எழுதவில்லை, ஹூக் பற்றித்தான், அதாவது பார்ப்பவர்களை நிறுத்திப் பிடிக்கிற அந்த ஆரம்பத்தைப் பற்றித்தான் கொஞ்சம் சொல்ல வேண்டும். உன்னுடையதைப் பார்த்துப் பார்த்தே எனக்கும் இதெல்லாம் பழகிவிட்டது.

'வணக்கம் நண்பர்களே' என்று ஆரம்பிப்பதை நிறுத்தினாயே, அது நல்ல முடிவு. பெயர் சொல்லி முடிப்பதற்குள் ஜனங்கள் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த நாற்காலி வீடியோவில் சரிசெய்து முடித்ததை முதலில் காட்டிவிட்டு, அப்புறம் உடைந்த காலுக்கு வந்தாய், அதைத்தான் நான் எல்லோரிடமும் காட்டுகிறேன். சத்தமில்லாமல் பார்ப்பவர்களுக்காக முதல் வரியை எழுத்தாகவும் போட்டிருந்தாய். ஆனால் திரையின் அடியில் தலைப்பும் பட்டன்களும் அதை மறைத்துவிட்டன, கொஞ்சம் மேலே ஏற்றிப் போடு. பேசுவதற்கு முன் மூச்சு இழுக்கிறாயே, அந்த அரை விநாடியையும் வெட்டிவிடு. வியூஸ் ஏறியதை மட்டும் பார்த்து நம்பாதே. 2025 மார்ச் 31-லிருந்து யூடியூப் ஷார்ட்ஸில் வீடியோ ஓட ஆரம்பித்தாலே ஒரு வியூ. எத்தனை பேர் நின்று பார்த்தார்கள், எத்தனை பேர் தள்ளிவிட்டார்கள் என்று அனலிட்டிக்ஸில் பார். வேளாவேளைக்குச் சாப்பிடு. முதல் மூன்று விநாடிதான் முக்கியம்.

அந்த மூன்று விநாடியில் சொன்னதற்கு மீதி வீடியோ பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அடுத்த முறை யாரும் நிற்க மாட்டார்கள் என்று எனக்குச் சொன்னதே நீதான். கடைசி வீடியோவில் 'நான் தோற்றுவிட்டேன்' என்று ஆரம்பித்துவிட்டு, பசை காய எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பதோடு முடித்துவிட்டாயே. என்ன தோல்வி என்று கடைசி வரை வரவில்லை. அது சும்மா ஹூக்தான் என்கிறாள் அம்மா. நான் எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துவிட்டேன், அந்த வரியில் மட்டும் உன் குரல் வேறு மாதிரி இருக்கிறது. கமென்ட்டில் ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் பதில் போடுகிறாய், எங்கள் மெசேஜ் நீல டிக்கோடு அப்படியே நிற்கிறது.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் ஒரு கதையை ஆரம்பிப்பாய். யார் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்பதிலிருந்து வரும். நான் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே 'விஷயத்தைச் சொல்லு' என்பேன். ஒருநாள் 'ஒண்ணுமில்லப்பா' என்று உள்ளே போய்விட்டாய். அன்று என்ன நடந்தது என்று பெரியம்மா சொல்லித்தான் தெரிந்தது, தெரிந்த பிறகும் இன்றுவரை உன்னிடம் நான் கேட்கவில்லை. உன்னை முதலில் தள்ளிவிட்டுப் போனவன் நான்தான் பாப்பா.

எழுத்தை மேலே ஏற்றிப் போடு, மறக்காதே. போன் பண்ணு. எந்த நேரமானாலும் சரி, எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பி, நான் குறுக்கே பேச மாட்டேன்.

அப்பா